குரல்கள் அடங்கிய பிறகு வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரீனியா. பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மாத்திரை தொடங்கிய இரண்டு மாதத்தில் அவன் காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. பக்கத்து வீட்டுக்காரர் தன்னை வேவு பார்க்கிறார் என்ற பயமும் போய்விட்டது. ஆனால் மத்தியானம் வரை படுத்தே கிடந்தான். குளிக்கச் சொன்னால் சரி என்பான், எழுந்திருக்க மாட்டான். "நோய்தான் போயிடுச்சே, இன்னும் என்ன சோம்பேறித்தனம்?" என்று அம்மா திட்டினார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பல வீடுகளில் நடக்கும் தவறு இது. இந்த மருந்துகள் முக்கியமாக மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தின் வேலையைக் குறைக்கின்றன. குரல்களும் சந்தேகங்களும் அதனால் தணியும். பேச்சு குறைவது, எதிலும் ஆசை இல்லாமல் போவது, முகத்தில் உணர்ச்சி தெரியாதது போன்றவை நோயின் இன்னொரு பாதி. எதிர்மறை அறிகுறிகள் என்பார்கள். மாத்திரை அவற்றை அதிகம் தொடுவதில்லை. கவனமும் ஞாபகமும் மந்தமாவதும் அப்படித்தான். அவனைச் சோம்பேறி என்று சொல்வது, கால் உடைந்தவனை ஏன் ஓடவில்லை என்று கேட்பது போல.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதே மந்தம் மருந்தாலும் வரலாம். தம்பி நடக்கும்போது கைகள் ஆடாமல் உடம்போடு ஒட்டியே இருந்தன. சாப்பிடும்போது கரண்டி நடுங்கியது. நோய் முற்றுகிறது என்று பயந்தோம். அது மருந்தால் வந்த விறைப்பு. டாக்டர் டோஸைக் குறைத்த சில வாரங்களில் முகம் இளகியது. வேறு சிலர் ஓரிடத்தில் உட்கார முடியாமல் அலைவார்கள். அதுவும் பக்கவிளைவாக இருக்கலாம். ஒலான்சபின் சாப்பிட்ட காலத்தில் அவனுக்கு எடை ஏறி, பழைய சட்டை ஒன்றும் சேரவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அவன் அடம்பிடித்ததற்குக் காரணம் அந்தச் சட்டைதான் என்று ரொம்ப நாள் கழித்தே தெரிந்தது.

இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னோமா? இல்லை. "எப்படி இருக்கார்?" என்று கேட்டால், அவன் வாய் திறப்பதற்குள் அம்மா, "நல்லா இருக்கான் சார், ஒரு தொந்தரவும் இல்ல" என்பார். தொந்தரவு இல்லை என்றால் யாருக்கு? எங்களுக்கு. அவன் வாரத்தில் எத்தனை பேரிடம் பேசினான், எத்தனை முறை வாசல் தாண்டினான், எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று இப்போது எழுதி எடுத்துப் போகிறோம். முதலில் அவனைப் பேச விடுகிறோம்.

சரி, மாத்திரைதான் மந்தமாக்குகிறது என்றால் நிறுத்திவிடலாமா? தானாக நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2012-இல் வெளிவந்த கணக்கின்படி, மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 27 சதவீதம் பேருக்கு. நிறுத்தியவர்களில் 64 சதவீதம். நெதர்லாந்தில் முதல்முறை நோய் கண்டு தேறியவர்களுக்கு, டாக்டர் மேற்பார்வையில் டோஸைக் குறைத்துப் பார்த்தார்கள். மருந்தை அப்படியே தொடர்ந்தவர்களைவிட, தொடக்கத்தில் அவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியது. ஆனால் 7 ஆண்டுகள் கழித்து, வேலை, உறவு, வீடு என்று பார்த்தபோது டோஸைக் குறைத்த குழுவினரே மேலான நிலையில் இருந்தார்கள். ஆக, குறைப்பது பற்றிப் பேசவே கூடாது என்பதில்லை. டாக்டரோடு பேசி, மெதுவாக, கண்காணிப்போடு செய்ய வேண்டும்.

மாத்திரையைச் சாப்பாட்டில் ஒளித்துக் கொடுப்பதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. நாங்களும் செய்தோம். ஒருநாள் டம்ளர் அடியில் கரையாத வெள்ளைத் தூளை அவன் பார்த்துவிட்டான். ஒன்றும் சொல்லாமல் காபியை வாஷ்பேசினில் ஊற்றினான். அப்புறம் மூன்று வாரம், உறை பிரிக்காத பிஸ்கெட்டையும் வாழைப்பழத்தையும் தவிர வீட்டில் எதையும் தொடவில்லை. யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு நாங்களே சாட்சி தயாரித்துக் கொடுத்தோம். தினமும் மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசிகள் இருக்கின்றன. நோயாளியிடமே கேட்டு முடிவு செய்யலாம்.

அடுத்தது, எல்லா வேலையையும் நாமே செய்துவிடுவது. தம்பியைக் காலையில் அரை லிட்டர் நந்தினி பால் வாங்க அனுப்பினோம். முதல் நாள் பாக்கெட்டோடு வந்தான், மீதிச் சில்லறையை வாங்காமல். "நாளைலேர்ந்து நானே போறேன்" என்றார் அம்மா. அங்கேதான் பிடித்து நிறுத்தினேன். கடைக்காரர் கன்னடத்தில் கேட்டதற்குப் பதில் சொல்ல அவனுக்கு நேரம் பிடித்திருக்கிறது; பின்னால் ஆட்கள் நிற்கவும் பயந்து வந்துவிட்டான். மறுநாளிலிருந்து கூட்டம் வருவதற்கு முன் போனான், சரியான சில்லறையோடு. இந்தப் பழக்கம் வர நான்கு மாதம் ஆனது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிராவின் சத்தாரா ஆகிய இடங்களில் இந்த நோயுள்ள 282 பேரை வைத்துச் செய்து 2014-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றும் இந்த வழியில்தான் போனது. பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் வீடு தேடிப் போய்த் துணை நின்றார்கள். ஆஸ்பத்திரி சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, இந்தத் துணையும் கிடைத்தவர்களுக்கு அன்றாடச் செயல்பாடு ஓரளவு கூடியது.

புகையை மறந்துவிடாதீர்கள். பீடி, சிகரெட் புகை, இந்த நோய்க்குக் கொடுக்கும் குளோசபின், ஒலான்சபின் மாத்திரைகளை உடம்பு வேகமாகச் செலவழிக்கச் செய்யும். புகைப்பதைத் திடீரென நிறுத்தினால் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். விடுவது நல்லதுதான், டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு விடட்டும்.

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று ஊரிலிருந்து போன் வரும். பெண் பார்க்க வரும் நாளில் மாத்திரை டப்பாவை ஒளித்து வைக்கச் சொல்வார்கள். பெண்ணுக்குத் தெரியாமல் செய்யும் கல்யாணம் இரண்டு உயிர்களுக்கும் செய்யும் துரோகம்.

ராத்திரி இரண்டு மணிக்கு அவன் தூங்காமல் நடந்துகொண்டிருந்தால் யாரைக் கேட்பது என்று தவித்திருக்கிறோம். 2022 அக்டோபரிலிருந்து டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி இருக்கிறது. எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். கூப்பிடும்போது மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையின் பெயரையும் டோஸையும் கேட்கலாம்.