ஜவ்வாது மலை மண்பாதைகளில் கிராவல் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியதும் ஜவ்வாது மலைக்குப் புதிதாக கிராவல் சைக்கிள் (மண், சரளைப் பாதைக்கான அகல டயர் சைக்கிள்) வாங்கியவர்கள் வரத் தொடங்குகிறார்கள். ஹெல்மெட் போடு, விளக்கு எடுத்துக்கொள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மலையேறிப் பழகிய ஒவ்வொருவரும் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. அவற்றில் ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட அதிக விலை கேட்கும். அதிலிருந்து தொடங்குவோம்.

தெரியாத பாதையை இறக்கத்தில் வைப்பது

ஜமுனாமரத்தூருக்குப் போளூரிலிருந்து ஒரு தார்ச்சாலை ஏறுகிறது. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக இன்னொன்று. புதியவர் போடும் திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: காலையில் தார்ச்சாலையில் ஏறுவது, மேலே சாப்பிடுவது, மாலையில் வரைபடச் செயலி காட்டும் ஏதாவதொரு மண்பாதை வழியே காட்டுக்குள் இறங்கி அடிவாரம் சேர்வது. ஏறுவதற்கு நல்ல சாலை, இறங்குவதற்குக் காட்டுப்பாதை. கேட்க அழகாக இருக்கும் இந்தத் திட்டம்தான் ஆபத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாலை 4.15க்கு 6 கிலோமீட்டர் இறக்கம் தொடங்குகிறது. ஐந்தாவது கிலோமீட்டரில் ஓடை பாதையை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. அந்தப் பக்கம் பாறை, கீழே பள்ளம். மணி 4.50. இனி வந்த வழியே திரும்ப வேண்டும். இறங்கிய 350 மீட்டர் உயரத்தையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏற வேண்டும். சரளையில் தள்ளினால் மணிக்கு 3 கிலோமீட்டர்தான் நகரும். மேலே வரும்போது மணி 6.30. டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். தண்ணீர் தீர்ந்திருக்கும், தொலைபேசிக்கு சிக்னல் இருக்காது. திரும்பி ஏற மனம் வராமல் பலர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குள் இறங்குகிறார்கள். கணுக்கால் பிசகுவது அங்கேதான்.

அதே பாதையை ஏறும் திசையில் வைத்திருந்தால்? காலை எட்டு மணிக்கு அடைபட்டிருக்கும். திரும்பி இறங்க இருபது நிமிடம் போதும். தார்ச்சாலை வழியே போய் மிச்சப் பயணத்தை முடித்திருக்கலாம். எனவே தெரியாத பாதை எதுவானாலும் அதை ஏற்றத்தில் வையுங்கள், அதையும் நாளின் முதல் பாதியில் வையுங்கள். இறங்குவது தார்ச்சாலையிலோ, ஏற்கெனவே ஏறிப் பார்த்த மண்பாதையிலோ இருக்கட்டும். இதைச் சொன்னால் "செயலியில் கோடு இருக்கிறதே" என்பார்கள். எரிச்சல் வருவது இந்தப் பதிலால்தான்.

அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். கோமூட், ஸ்ட்ராவா போன்ற பயணச் செயலிகள் பயன்படுத்தும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம் தன்னார்வலர்கள் வரைந்தது. செயற்கைக்கோள் படத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோட்டைப் பார்த்து, எத்தனையோ ஆண்டுக்கு முன் யாரோ 'டிராக்' என்று குறித்திருப்பார். அது மாட்டுத் தடமாக இருக்கலாம், வனத்துறையின் தீத்தடுப்புக் கோடாக இருக்கலாம், வறண்ட ஓடையாகக்கூட இருக்கலாம். கோடு வரைந்த பிறகு இரண்டு மழைக்காலம் போனால் போதும். உண்ணிச்செடி இரு பக்கமும் வளர்ந்து பாதையை மூடிவிடும். பலர் போன பாதையை வெளிச்சமாகக் காட்டும் ஸ்ட்ராவாவின் வெப்பவரைபடத்தில் தெரிகிறதே என்றால், அங்கே நடந்து போனவர்களின் பதிவும் அந்த வெளிச்சத்தில் சேர்ந்திருக்கலாம்.

வீட்டிலேயே செய்ய வேண்டிய சோதனை இது. கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் திறந்து மார்ச், ஏப்ரலில் எடுத்ததைத் தேர்ந்தெடுங்கள். இந்த மலையில் பெரும்பகுதி இலையுதிர் காடு. கோடையில் மரம் மொட்டையாக நிற்கும்போதுதான் தரை தெரியும். பாதையில் இரண்டு சக்கரத் தடம் இணையாக ஓடினால் ஜீப்போ டிராக்டரோ போகிறது. ஒற்றைக் கோடானால் கால்தடம். ஓடையைக் கடக்கும் ஒவ்வோர் இடத்தையும் பெரிதாக்கி, அக்கரையில் தடம் தொடர்கிறதா என்று பாருங்கள். கடைசியாகக் கிடைக்கும் படத்தையும் பழைய படத்தையும் ஒப்பிட்டு, தடம் மெலிந்திருந்தால் அந்தத் துண்டை மணிக்கு 5 கிலோமீட்டர் என்றே கணக்கிடுங்கள்.

ஊரில் கேட்கும் முறையும் முக்கியம். "அண்ணே, இந்த வழி போகுமா?" என்று கேட்டால் "போகும்" என்றுதான் பதில் வரும். அவர் சொல்வது பொய்யில்லை, அவர் தினம் நடந்து போகிற வழி அது. "டிராக்டர் போகுமா? இந்த மழைக்கு அப்புறம் போச்சா?" என்று கேளுங்கள். டிராக்டர் போகும் என்றால் உங்கள் சைக்கிளும் போகும். டூவீலர் மட்டும் போகும் என்றால் பாதி தூரம் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். "நடந்து போலாம்" என்றால் திட்டத்தை மாற்றுங்கள்.

காப்புக்காட்டுக்குள் நுழைவது

பொதுச்சாலையில் போக யாரையும் கேட்க வேண்டாம். அதை விட்டு விலகிக் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். இது சந்தன மரத்துக்குப் பேர்போன மலை. மரக் கடத்தலை நெடுங்காலமாகப் பார்த்த மலை. பையும் மூட்டையுமாகக் காட்டுக்குள் நிற்கும் வெளியாளை வனக்காவலர் நிறுத்தி விசாரிப்பது நியாயம்தான். முன்கூட்டியே வனச்சரக அலுவலகத்தில் பாதையைக் காட்டிக் கேளுங்கள். இல்லை என்றால் இல்லைதான்.

இருட்டிய பிறகு வயல் வழியாகக் குறுக்கே போவது

வேண்டவே வேண்டாம். காட்டுப்பன்றிக்காக வரப்போரம் மின்கம்பி கட்டும் பழக்கம் மலையடிவாரங்களில் இன்னும் ஒழியவில்லை.

காற்றைக் கல்லாக அடைப்பது

தார்ச்சாலை சைக்கிளில் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்துப் பழகிய கை, 40 மில்லிமீட்டர் டயரிலும் 60 அடிக்கும். டயர் கல்லின்மேல் படியாமல் துள்ளும், வளைவில் பிடி விடும், ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போகும். ஆள் 70 கிலோ, 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயர் என்றால் முன்னே 30, பின்னே 34 என்று தொடங்குங்கள். டியூப் போட்டிருந்தால் இரண்டிலும் 6 முதல் 8 வரை கூட்டுங்கள்; குறைத்தால் கல்லில் இடிக்கும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு கீறல் விழும். ரிம்மில் 'டங்' என்று சத்தம் கேட்டால் 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். அளவுமானி உள்ள பம்பில் வீட்டிலேயே பாருங்கள், கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது அளவே இல்லை.

அடிவாரத்தில் சீமைக்கருவேல முள் உண்டு. டியூப்லெஸ் டயருக்குள் துளையை அடைக்கும் திரவமான சீலன்ட்டை டயருக்கு 60 முதல் 80 மில்லி ஊற்றுங்கள். நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். வாங்கியபோது கடையில் ஊற்றியதை நம்பிக் கிளம்பக் கூடாது. குத்திய முள்ளைப் பாதையில் பிடுங்காதீர்கள், பெரும்பாலும் அதுவே துளையை அடைத்துக்கொண்டிருக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் சீலன்ட் உதவாது. பழைய டயரில் வெட்டிய 5 சென்டிமீட்டர் துண்டு ஒன்றும் ஒரு டியூபும் பையில் இருக்கட்டும்.

கனமான கியரோடு மலைக்கு வருவது

காவலூர் வானாய்வகமே 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்றம் நீளமானது. முன்னே 40 பல், பின்னே பெரியது 34 பல் என்ற அமைப்பு தாரில் சமாளிக்கும். செங்குத்தான சரளையில் மிதி வேகம் நிமிடத்துக்கு 60 சுற்றுக்குக் கீழே போனதும் எழுந்து நின்று மிதிப்பீர்கள், பின்சக்கரத்தில் எடை குறையும், சறுக்கும். பின்னே இருக்கும் பெரிய பல்சக்கரம் முன்னே இருக்கும் சிறியதற்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். கேசட்டை (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுப்பை) 11-42 பல் ஆக மாற்றும் முன் உங்கள் பின் டீரெய்லர் (சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றிவிடும் கருவி) எத்தனை பல் வரை தாங்கும் என்று பாருங்கள். சங்கிலியும் நீளமானதாக மாற்ற வேண்டியிருக்கும்.

இறக்கம் முழுக்க பிரேக்கைப் பிடித்தே வருவது

பிரேக் டிஸ்க் சூடேறும், பிரேக் பேட் பளபளத்துப் பிடி குறையும். நேர்ப்பகுதியில் விட்டு, வளைவுக்கு முன் அழுத்திக் குறைத்து, வளைவுக்குள் சக்கரத்தை உருள விடுங்கள். கொண்டை ஊசி வளைவில் பேருந்து முழு அகலத்தையும் எடுத்துத்தான் திரும்பும். இடது ஓரத்தை விடாதீர்கள்.

மழை விட்ட மறுநாளே கிளம்புவது

செம்மண் டயரில் அப்பி, சைக்கிள் சட்டத்துக்குள் (ஃப்ரேமுக்குள்) அடைத்துவிடும். இரண்டு நாள் வெயில் அடிக்கட்டும்.

தண்ணீர்

மூன்று லிட்டர். ஜமுனாமரத்தூரில் மறுபடி நிரப்புங்கள்.

ஹேங்கர் இல்லாமல் வருவது

டீரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கும் அந்தச் சிறு அலுமினியத் துண்டு, அடி பட்டால் சட்டத்துக்குப் பதிலாகத் தான் முறியும்படி செய்யப்பட்டது. வண்டிக்கு வண்டி வடிவம் மாறும், மலையில் எந்தக் கடையிலும் கிடைக்காது. உங்கள் வண்டிக்குப் பொருந்துவதை வாங்கி இருக்கைப் பையில் போட்டுவையுங்கள்.

அது முறிவதற்குக் கல்தான் வேண்டும் என்றில்லை. அறுவடைக் காலத்தில் சாமைக் கதிரைச் சாலையில் பரப்பி உலர்த்துவார்கள். வைக்கோல்மேல் ஏறினால் டீரெய்லரின் சின்ன உருளையில் சுற்றிக்கொண்டு, அடுத்த மிதியில் மொத்தத்தையும் ஆரக்கம்பிக்குள் இழுத்துவிடும். அதற்கும் மேலாக, அது ஒரு குடும்பத்தின் சாப்பாடு. இறங்கி, கதிர் இல்லாத ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், பிறகு ஏறுங்கள்.