ஜெர்ம் டியூப் நெகட்டிவ் ஈஸ்ட் வந்தா லேப்ல என்ன பண்ணணும்

பிளட் கல்ச்சர்ல ஈஸ்ட் வந்திருக்கு, ஜெர்ம் டியூப் (சீரத்துல வச்சா குழாய் மாதிரி முளை விடுதான்னு பாத்து கேண்டிடா அல்பிகன்ஸ கண்டுபிடிக்கற டெஸ்ட்) நெகட்டிவ், அவ்ளோதான்னு 'நான்-அல்பிகன்ஸ் கேண்டிடா'ன்னு ரிப்போர்ட் போட்டு அனுப்பிடாதீங்க ப்ளீஸ். அது கேண்டிடாவே இல்லாம, வேற ஈஸ்ட் வகையான டிரைக்கோஸ்போரானாவோ ரோடோடொருலாவாவோ இருந்தா ஐசியூல முதல்ல ஏத்துற கேஸ்போஃபங்கின் கேக்கவே கேக்காது, ரெண்டுமே இயல்பாவே எக்கினோகேண்டின் (கேஸ்போஃபங்கின் சேர்ந்த மருந்துக் குடும்பம்) ரெசிஸ்டன்ட்.

அதனால முதல்ல யூரியேஸ் (யூரியாவ உடைக்கற என்சைம் இருக்கான்னு பாக்கற டெஸ்ட்) போடுங்க, கேண்டிடா பெரும்பாலும் நெகட்டிவ், இந்த ரெண்டும் கிரிப்டோகாக்கஸும் பாசிட்டிவ். கார்ன்மீல் அகார்ல ஆர்த்ரோகொனிடியா (இழை துண்டு துண்டா உடைஞ்சு வர்ற ஸ்போர்) தெரிஞ்சா டிரைக்கோஸ்போரான் பக்கம் யோசிங்க, காலனி பவளக் கலர்ல இருந்தா ரோடோடொருலா. கேண்டிடா ஆரிஸ்ல இன்னும் உஷாரா இருக்கணும், 2009ல ஜப்பான்ல ஒரு பாட்டியோட காதுல இருந்து எடுத்து முதல்ல விவரிச்சது, பழைய டேட்டாபேஸ் இருக்கற விடெக் (தானா இனம் கண்டுபிடிக்கற மெஷின்) அதை கேண்டிடா ஹெமுலோனைன்னு சொல்லிடும். 42 டிகிரில வளந்தா ஆரிஸா இருக்கலாம், மால்டி-டாஃப் (புரதத்த வச்சு இனம் காணற மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) இல்லன்னா ஐடிஎஸ்ங்கற டிஎன்ஏ பகுதியோட சீக்வென்சிங்ல உறுதி பண்ணுங்க.

மருந்து டெஸ்டுக்கு பிராத் மைக்ரோடைலூஷன்தான் (குழிகள்ல படிப்படியா நீர்த்த மருந்துல ஈஸ்ட்ட வளர்த்துப் பாக்கறது) நம்பகமானது. மீடியம் ஆர்பிஎம்ஐ 1640, மாப்ஸ் பஃபர், பிஹெச் 7.0. 24 மணி நேர காலனில 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கல் அளவு) சஸ்பென்ஷன், அதை 50 மடங்கு, அப்புறம் 20 மடங்கு டைலூட் பண்ணி மருந்து இருக்கற குழில சரிபாதி ஊத்துங்க, 35 டிகிரி. குவாலிட்டி கன்ட்ரோலுக்கு கேண்டிடா பேராப்சிலோசிஸ் ஏடிசிசி 22019, கேண்டிடா க்ரூசை ஏடிசிசி 6258 ரெண்டு ஸ்ட்ரெயினையும் கூடவே ஓட்டுங்க, அது ரேஞ்சுல வரலன்னா அன்னைக்கு ரிசல்ட் எதையும் வெளிய விடாதீங்க. ஆம்ஃபோடெரிசினுக்கு குழி முழுசா தெளிவா இருக்கணும், அசோலுக்கு (ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல் குடும்பம்) மருந்து இல்லாத கன்ட்ரோல் குழியோட ஒப்பிட்டா வளர்ச்சி பாதியா குறைஞ்சிருந்தா போதும். கேண்டிடாவுக்கு 24 மணி நேரம், கிரிப்டோகாக்கஸுக்கு கிட்டத்தட்ட 72.

ரோடோடொருலாவுக்கு பிரேக்பாயின்டே (மருந்து கேக்குமா கேக்காதான்னு பிரிக்கற அளவு) கிடையாது, அதனால எஸ் (கேக்கும்), ஆர் (ரெசிஸ்டன்ட்)னு எழுதாம எம்ஐசி (வளர்ச்சிய தடுக்கற குறைஞ்சபட்ச மருந்து அளவு) நம்பர மட்டும் எழுதி, ஃப்ளூகோனசோலும் வேண்டாம், ஆம்ஃபோடெரிசின் பாக்கலாம்னு கமென்ட் போடுங்க. டிரைக்கோஸ்போரானுக்கு வோரிகோனசோல்தான் முதல் சாய்ஸ். ஆரிஸுக்கு அமெரிக்க சிடிசி தற்காலிகமா சொல்றது ஃப்ளூகோனசோல் எம்ஐசி மில்லிக்கு 32 மைக்ரோகிராமும் அதுக்கு மேலயும் ரெசிஸ்டன்ட்.

விருலன்ஸ் (நோய் உண்டாக்கற திறன்) பாக்கணும்னா முட்டை மஞ்சக்கரு அகார்ல பாஸ்போலிபேஸ் என்சைம் பாருங்க, காலனி விட்டத்த வளையத்தோட சேத்த மொத்த விட்டத்தால வகுத்தா 1 வந்தா என்சைம் இல்ல, எவ்ளோ குறையுதோ அவ்ளோ வீரியம். பயோஃபிலிமுக்கு (ஈஸ்ட் ஒட்டி வளர்ற படலம்) 96 குழி பிளேட்ல கிரிஸ்டல் வயலட். இதெல்லாம் தீசிஸுக்கு சரி, பேஷன்ட் ரிப்போர்ட்ல வேண்டாம். ஆனா ரோடோடொருலா வந்தா வார்டுக்கு போன் பண்ணி சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்ல போட்ட கதீட்டர்) இருக்கான்னு கேளுங்க, முடிஞ்சா அதை எடுக்கச் சொல்லுங்க.