பேஸ் கிட்டார்: வீடியோ பார்த்துப் பழகும்போது விரலைத் திருத்துவது யார்?

நேரில் சொல்லித்தரும் ஆசிரியர் பாதி நேரம் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். மணிக்கட்டு மடிந்தாலோ கட்டைவிரல் இறுகினாலோ அங்கேயே நிறுத்திச் சொல்லிவிடுவார். பதிவுசெய்த ஆன்லைன் பாடத்தில் அந்தக் கண் இல்லை. அதனால் எந்தப் பயிற்சியை எடுத்தாலும், தப்பு உங்கள் காதிலேயே விழும்படி அதைச் செய்ய வேண்டும்.

காதிலிருந்தே தொடங்குவோம். பேஸின் நான்கு கம்பிகள் தடித்ததிலிருந்து மெல்லியது வரை இ, ஏ, டி, ஜி. திறந்த, அதாவது இடது கையால் அழுத்தாத, இ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கைபேசி ஸ்பீக்கரில் அந்த அடி ஒலி வராது, மேல் ஓசை மட்டும்தான் கேட்கும். ஒயர் உள்ள ஹெட்ஃபோன் போடுங்கள். ப்ளூடூத் வழியாக உங்கள் வாசிப்பைக் கேட்டால் ஒலி பிந்தி வரும்; அதை ஈடுகட்ட விரல் முந்தப் பழகிவிடும். வீடியோவை 0.75 அல்லது 0.5 வேகத்தில் ஓட்டலாம், சுருதி மாறாது.

அடுத்து வலது கை. பெரும்பாலானோர் இடது கை வேகத்துக்குப் பின்னால் ஓடுகிறார்கள். ஆனால் வாசிப்பு அசிங்கமாகக் கேட்பதற்குப் பெரும்பாலும் வலது கைதான் காரணம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்ட வேண்டும். ஏ கம்பியை மீட்டிய விரல் அதைக் கடந்து வந்து இ கம்பியின் மேல் சாய்ந்து நிற்கட்டும். அப்படி நின்றால் இ கம்பியும் அதிராமல் அடங்கும். கட்டைவிரலைப் பிக்கப்பிலேயே (கம்பிகளுக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கும் பாகம்) ஊன்றிவிடாதீர்கள். டி கம்பிக்குப் போகும்போது அது இ கம்பிக்கு நகர வேண்டும். ஜி கம்பிக்குப் போகும்போது ஏ கம்பியில் அமர்ந்து, பக்கவாட்டில் இ கம்பியையும் தொட்டு அடக்க வேண்டும்.

பயிற்சி இதுதான்: மெட்ரோனோம் (சீராகத் தட்டு போடும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில், இடது கை எல்லாக் கம்பிகளையும் லேசாகத் தொட்டு அடக்கியிருக்கட்டும். ஒரு கம்பிக்கு நான்கு அடி வீதம் இ முதல் ஜி வரை போய்த் திரும்புங்கள். பிறகு இரண்டு, பிறகு மூன்று, கடைசியாக ஒன்று. மூன்றில்தான் பலருக்கும் சிக்கும். ஒவ்வொரு கம்பியையும் வேறு விரல் தொடங்க வேண்டியிருப்பதால், கை தன்னறியாமல் ஒரே விரலை இரண்டு தடவை போட்டுவிடும். ஜியிலிருந்து இ கம்பியை நோக்கித் திரும்பும்போது ஒரே விரலால் இழுத்துச் செல்வது நல்ல உத்திதான். ஆனால் மாறி மாறி மீட்டுவது கைவந்த பிறகு அதைத் தொடுங்கள்.

பலமாக மீட்டுகிறவர்களின் கம்பி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மோதி 'டக்' என்று அடிக்கும், ஸ்வரத்தின் தொடக்கத்தில் சுருதியும் கொஞ்சம் ஏறும். ஆம்ப் ஒலியைக் கூட்டிவிட்டு விரலைத் தளர்த்துங்கள். ஆம்பே இல்லாமல் தினமும் பழகுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் சுலபமாக ஒட்டிக்கொள்ளும்.

இடது கையில், எவ்வளவு அழுத்தம் போதும் என்று முதலில் கண்டுபிடியுங்கள். 7ஆம் ஃப்ரெட்டில் விரலை வெறுமனே வைத்து, மீட்டிக்கொண்டே மெல்ல அழுத்துங்கள். முதலில் மொத்தென்று கேட்கும், பிறகு கரகரக்கும், பிறகு சுத்தமாகும். சுத்தமான அந்தப் புள்ளிக்கு மேல் அழுத்துவதெல்லாம் வீண். விரல் ஃப்ரெட் பட்டையை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் இருந்தால் அழுத்தம் இன்னும் குறையும்.

ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று எல்லாப் பாடங்களும் சொல்லும். ஆனால் 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) பேஸில் முதல் ஃப்ரெட்டுக்கும் நான்காவதுக்கும் இடையே சுமார் 13 சென்டிமீட்டர் தூரம். சிறிய கையை அங்கே விரிக்க முயன்றால் மணிக்கட்டு மடியும். 5ஆம் ஃப்ரெட்டுக்குக் கீழே ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்களை மட்டும் பயன்படுத்துங்கள். மோதிர விரல் சுண்டு விரலோடு சேர்ந்து அழுத்தட்டும். டபுள் பேஸ்காரர்கள் காலங்காலமாகப் பின்பற்றும் முறை இது.

நான்கு விரல் பயிற்சியை 7ஆம் ஃப்ரெட்டில் தொடங்குங்கள். 7-8-9-10 என்று ஏறும்போது முந்தைய விரலை எடுக்காதீர்கள். எடுத்த விரலும் கம்பியை விட்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது. நான்கு விரல்களை 24 விதமாக வரிசைப்படுத்தலாம், அத்தனையும் தேவையில்லை. ஆள்காட்டி 1, சுண்டு 4 என்று எண்ணினால் 1-3-2-4, 1-4-2-3, 3-4-1-2 போதும். பலவீனமான மோதிர, சுண்டு விரல்கள் இவற்றில் தப்ப முடியாது. ஐந்து சுற்றும் பிசிறில்லாமல் வந்தால் மட்டும் மெட்ரோனோமை 4 கூட்டுங்கள். முன்கையில் இறுக்கம் வந்தால் ஓய்வு. விரல் மரத்தாலோ மணிக்கட்டில் சுரீரென்று குத்தினாலோ அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். தொல்லை தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஸ்ட்ராப் ரொம்பத் தாழ்வாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பல பாடங்கள் தொடாமல் விடுவது ஸ்வரத்தின் முடிவை. முதல் தட்டில் ஒரு ஸ்வரத்தைத் தொடங்கி, மூன்றாவது தட்டு விழும் அதே கணத்தில் வெட்டுங்கள். இடது விரலின் அழுத்தத்தை மட்டும் விடுங்கள், விரல் கம்பியிலேயே இருக்கட்டும். விரலைச் சடக்கென்று தூக்கினால் திறந்த கம்பி முணுமுணுக்கும். தாளம் உறுதியாக, 80இல் வரும் பாட்டுக்கு மெட்ரோனோமை 40இல் வைத்து, அந்தத் தட்டுகளை 2, 4 என்று எண்ணி வாசித்துப் பாருங்கள்.

வாரம் ஒருமுறை 30 வினாடி பதிவுசெய்து, முதலில் படத்தைப் பார்க்காமல் கேளுங்கள். பலருக்கும் இரு விரல்களின் ஒலி சமமாக இருக்காது. ஒன்றுவிட்டு ஒன்று அழுத்தமாக விழும். பிறகு படத்தில் மணிக்கட்டைப் பாருங்கள்.

நேரலை வகுப்பில் ஆசிரியரோடு சேர்ந்து வாசிக்க முயல வேண்டாம், இணையத் தாமதம் விடாது. மெட்ரோனோம் உங்கள் பக்கம் ஓடட்டும். அழைப்புச் செயலியின் இரைச்சல் குறைப்பை அணைத்துவிடுங்கள். நீளமாக ஒலிக்கும் பேஸ் ஸ்வரத்தை அது இரைச்சல் என்றெண்ணி வெட்டிவிடும். ஜூமில் இதற்கென்றே அசல் ஒலி அமைப்பு இருக்கிறது. கேமரா ஒன்றுதான் என்றால் வகுப்பின் முதல் பாதியில் அதை வலது கைக்குத் திருப்பி வையுங்கள்.