பழைய பைத்தானுக்கு எப்போது விடைகொடுக்கலாம்?

பைத்தான் நிரல்மொழியில் சின்னதாக ஒரு பேக்கேஜ் (மற்றவர்களும் பயன்படுத்தக்கூடிய நிரல் தொகுப்பு) எழுதி, பேக்கேஜ்களைப் பகிரும் பைபிஐ தளத்தில் போட்டிருக்கிறீர்கள். மேட்ச் கட்டளை வைத்து எழுத ஆசை, ஆனால் அது 3.9-க்கு அடுத்த பதிப்பான 3.10-ல்தான் வந்தது. 3.9 பயனர்களை என்ன செய்வது?

படி 1: தேதியைப் பாருங்கள்

ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் ஆயுள் ஐந்து ஆண்டு. 2020 அக்டோபரில் வந்த 3.9-க்கு 2025 அக்டோபரோடு கதை முடிந்தது. இனி அதில் பாதுகாப்பு ஓட்டை தெரிந்தாலும் பைத்தான் குழு அடைக்காது. 3.10-ன் முறை 2026 அக்டோபர். அறிவியல் பேக்கேஜ்களுக்கான ஸ்பெக் 0 என்ற பரிந்துரை இன்னும் கறார்: வெளியாகி மூன்று ஆண்டானதும் விட்டுவிடலாம் என்கிறது. பதிப்புக்குப் பதிப்பு தனித்தனியாகக் கம்பைல் செய்யும் நம்பை (எண் கணக்குகளுக்கான பேக்கேஜ்) போன்றவர்களுக்கு அது நியாயம்தான். நமக்கு ஐந்து ஆண்டுக் கணக்கே போதும்.

படி 2: யார் பயன்படுத்துகிறார்கள்?

எந்தப் பதிப்புக்கு எத்தனை டவுன்லோடு என்பதை பைபிஐ ஸ்டாட்ஸ் தளத்தில் பார்க்கலாம். அப்படியே நம்பிவிடாதீர்கள், யாரோ ஒருவர் தன் நிரலை மாற்றும்போதெல்லாம் அவருடைய டெஸ்ட் சர்வர் இறக்கிக்கொள்வதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

ரெட்ஹேட் லினக்ஸ் 9 என்ற இயங்குதளத்துடன் வருவது 3.9. அதற்கு அந்த நிறுவனமே காசு வாங்கிக்கொண்டு பல ஆண்டு ஆதரவு தருகிறது. அந்தச் சுமையைச் சம்பளமில்லாமல் நாமும் தூக்க வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கட்சி.

படி 3: விட்டால் என்ன லாபம்?

தேதி முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் வெட்ட வேண்டாம். தொந்தரவில்லாமல் ஓடினால் ஓடட்டும். பதிப்பைச் சோதிக்கும் இஃப் வரிகள் நிரல் முழுக்க மண்டிக்கிடக்கின்றனவா, நீங்கள் நம்பியிருக்கும் பேக்கேஜே 3.9-ஐ விட்டுவிட்டதா? அப்படியென்றால் நேரம் வந்துவிட்டது.

படி 4: அந்த ஒரு வரி

முக்கியமான இடம் இதுதான். முதலில், கையிலிருக்கும் பிழைத்திருத்தங்களை எல்லாம் சேர்த்து, 3.9-ல் ஓடும் கடைசி வெளியீட்டைக் கொடுத்துவிடுங்கள். அதை 1.4 என்று வைத்துக்கொள்வோம். அப்புறம், பேக்கேஜின் விவரங்கள் இருக்கும் பைப்ராஜெக்ட் டாமல் (pyproject.toml) கோப்பில், எந்தப் பைத்தான் தேவை என்று சொல்லும் ரிக்வயர்ஸ்-பைத்தான் (requires-python) வரியை ">=3.10" என்று மாற்றி, 1.5-ஐ வெளியிடுங்கள். 3.9 வைத்திருப்பவர் நிறுவும்போது, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப் இந்த வரியைப் பார்த்து 1.5-ஐத் தாண்டிப் போய், 1.4-ஐ எடுத்துக்கொடுக்கும். அவருக்கு எதுவும் உடையாது, புதியது கிடைக்காது, அவ்வளவுதான்.

வரியை மாற்ற மறந்தால்தான் வம்பு. பிப் சத்தமில்லாமல் 1.5-ஐ நிறுவிவிடும், இம்போர்ட் செய்ததும் மேட்ச் புரியாமல் சின்டாக்ஸ் எரர். அப்படி ஆனால் பைபிஐ-யில் அந்த வெளியீட்டை யாங்க் செய்துவிட்டு (பிப் வழக்கமாக அதைத் தேர்ந்தெடுக்காதபடி குறித்துவிட்டு), வரியைத் திருத்தி 1.5.1 போடுங்கள்.

"<3.14" என்று மேல் வரம்பும் வைக்காதீர்கள். 3.14 வைத்திருப்பவருக்காக பிப் பின்னோக்கித் தேடிப் போய், வரம்பு எழுதாத ஏதோவொரு பழங்கால வெளியீட்டை எடுத்து வந்துவிடும்.

படி 5: மிச்ச வேலை

டெஸ்ட் பட்டியலிலிருந்து 3.9-ஐ நீக்குங்கள். பழைய நிரலைப் புது எழுத்துமுறைக்கு மாற்றும் பைஅப்கிரேட் கருவியை ஒருமுறை ஓட்டினால் பழைய எழுத்துமுறை பெரும்பாலும் மாறிவிடும். மாற்றங்களைக் குறித்துவைக்கும் சேஞ்ச்லாகில் "3.9-க்குக் கடைசி வெளியீடு 1.4, பாதுகாப்புப் பிழை வந்தால் மட்டும் அதில் திருத்துவோம்" என்று எழுதுங்கள். அதுவும் முடியாதென்றால், முடியாது என்றே எழுதிவிடுங்கள்.