விளையாட்டு விழாவுக்கு 200 மீட்டர் ஓடுபாதை போடும் முறை

ஆண்டு விளையாட்டு விழாவில் வரும் தகராறுகளில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக் கோட்டில் தொடங்கும். "ஆறாவது லேன் பையனை ஐந்து மீட்டர் முன்னால நிறுத்திட்டீங்களே சார்" என்று ஒரு அப்பா மேடைக்கு வந்து கேட்டால், பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். எனவே பந்தல், கோப்பை, சிறப்பு விருந்தினர் வேலைகளை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, உடற்கல்வி ஆசிரியர் இரண்டு நாள் முன்பே டேப்போடு மைதானத்தில் இறங்கிவிட வேண்டும்.

முதலில் இடம். நேர்பகுதி 40 மீட்டர், ஆறு லேன், லேன் அகலம் 1.22 மீட்டர் என்றால் பாதைக்கு மட்டும் 92.44 மீட்டர் நீளமும் 52.44 மீட்டர் அகலமும் தேவை. அதற்கு வெளியே சுற்றிலும் ஒரு மீட்டராவது காலி இடம் விடுங்கள். நீளப்பக்கம் வடக்கு தெற்காக அமைந்தால் நல்லது. மாலை வெயில் ஓடுகிறவர் முகத்தில் நேராக அடிக்காது. ஏற்காட்டில் சரிவை வெட்டிச் சமப்படுத்திய மைதானத்தில் இவ்வளவு இடம் கிடைப்பது அரிது. அங்கே 150 மீட்டர் பாதை போடலாம்: நேர்பகுதி 30 மீட்டர், கோடு போடும் ஆரம் (வளைவின் மையத்திலிருந்து உள்கோடு வரை) 14.12 மீட்டர், நான்கு லேன். இதற்கு 68 மீட்டருக்கு 38 மீட்டர் இருந்தால் போதும்.

இனி 200 மீட்டர் பாதையின் கணக்கு. இரண்டு நேர்பகுதிகள் 80 மீட்டர் போக, மீதி 120 மீட்டரை இரண்டு வளைவுகளும் சேர்ந்து தர வேண்டும். அதற்கு ஓடும் ஆரம் (மையத்திலிருந்து ஓடுகிறவர் வரை) 19.10 மீட்டர். முதல் லேனில் ஓடுகிறவர் உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி ஓடுவதாகக் கணக்கு. ஆகவே கோடு போடும் ஆரம் 18.90 மீட்டர். பழைய கையேடுகளில் 18.80 அல்லது 18.79 என்று இருக்கும். அது உள்விளிம்பில் கட்டை எழுப்பிய பாதைக்கு, 30 சென்டிமீட்டர் கழித்த கணக்கு. வெறும் சுண்ணாம்புக் கோட்டுக்கு அதை எடுத்தால் ஒரு சுற்றில் 60 சென்டிமீட்டருக்கு மேல் குறையும்.

மைதானத்தின் நடுவில் 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்பு முளைகளை ஆழமாக அடியுங்கள். இவைதான் இரு வளைவுகளின் மையம். ஒவ்வொரு மையத்திலும் 12, 16, 20 மீட்டர் முக்கோணம் பிடித்துச் செங்கோணம் எடுத்து, இருபுறமும் 18.90 மீட்டரில் ஆணி அடியுங்கள். இப்போது நான்கு ஆணிகளும் 40 மீட்டருக்கு 37.80 மீட்டர் செவ்வகமாக நிற்கும். மூலைவிட்டம் இரண்டும் 55.03 மீட்டர் வர வேண்டும். ஒன்றுக்கொன்று ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அங்கேயே நிறுத்திச் சரி செய்யுங்கள். அதை விட்டுவிட்டுக் கோடு போட்டால், நேர்கோடும் வளைவும் சேரும் இடத்தில் ஒரு முழங்கை மடங்கினது போலத் தெரியும்.

வளைவு இழுக்க நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். இழுக்கிறவர் பலத்துக்குத் தக்கபடி அது நீளும். ஸ்டீல் டேப் அல்லது முறுக்குக் கம்பி நல்லது. டேப் பிடிப்பவர் மாறாமல், ஒரே இழுவையில் அரைவட்டம் முடிக்க வேண்டும். ஆணியால் கீறிய கோடுதான் அளவு. ஐந்து சென்டிமீட்டர் சுண்ணாம்பு அதற்கு உட்புறமாக விழ வேண்டும். எல்லா லேன் கோடுகளுக்கும் இதே விதி: 1.22 மீட்டர் என்பது ஒரு கோட்டின் வெளிவிளிம்பிலிருந்து அடுத்த கோட்டின் வெளிவிளிம்பு வரை.

ஆறு லேனுக்கு ஏழு கோடுகள், மொத்தம் சுமார் 1,550 மீட்டர். மெல்லியதாகப் போட்டால் 25 கிலோ மூட்டை இரண்டு ஆகும். மறுநாள் திருத்த இன்னொன்று கையில் இருக்கட்டும். கோலமாவுக்கான கல்மாவு போதும். சுட்ட சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் புண்ணாக்கும், நீர்த்த சுண்ணாம்பும் கண்ணுக்கு ஆபத்து, பிளீச்சிங் பவுடர் கலப்பதும் ஆபத்து. வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் கீழே விழுந்தால் முகம் படுவது அந்தக் கோட்டில்தான். செம்மண் தரையானால் முந்தைய நாள் மாலை தண்ணீர் தெளித்து, காய்ந்த பிறகு போடுங்கள். போட்ட பின் தெளித்தால் எல்லாம் கரைந்து ஓடும். ஏற்காட்டில் இரவுப் பனியிலேயே கோடு மங்கிவிடும். அங்கே முக்கிய இடங்களில் ரிப்பன் கட்டிய ஆணி இருந்தால் காலையில் மறுபடி அளக்காமல் கோட்டைப் புதுப்பிக்கலாம். எத்தனை ஆணி அடித்தீர்கள் என்று எழுதி வையுங்கள். போட்டி தொடங்கும் முன் அத்தனையும் திரும்பக் கைக்கு வர வேண்டும்.

அடுத்தது ஸ்டேகர், அதாவது வெளி லேன்களின் தொடக்கக் கோட்டை முன்தள்ளிப் போடுவது. தப்பு அதிகம் நடப்பது இங்கேதான். ஒரு சுற்று ஓட்டத்துக்கு ஒவ்வொரு லேனும் முந்தைய லேனைவிட 7.67 மீட்டர் முன்னால் தொடங்க வேண்டும். இது லேன் அகலத்தை மட்டும் பொறுத்தது. ஆரம் எதுவானாலும், 150 மீட்டர் பாதையானாலும் இதே அளவுதான். ஆனால் இந்த நீளம் வளைவின் மேல் அளக்க வேண்டியது. ஆறாவது லேனுக்கு 38.33 மீட்டரை டேப்பை நேராக இழுத்து அளந்தால், ஓடுகிறவருக்கு ஐந்து மீட்டருக்கு மேல் இனாம். வளைவில் டேப்பை வளைத்துப் பிடிப்பது சிரமம் என்பதால், நேராக இழுக்க வேண்டிய நீளம் இதோ: 2-வது லேன் 7.62, 3-வது 15.01, 4-வது 22.03, 5-வது 28.61, 6-வது 34.74 மீட்டர். முடிவுக் கோடு முதல் வளைவு தொடங்கும் இடத்தில் இருக்க வேண்டும். அந்தந்த லேனின் உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி, முடிவுக் கோட்டில் ஒரு முனையையும் வளைவில் மறுமுனையையும் வையுங்கள். இந்த எண்கள் 200 மீட்டர் பாதைக்கு மட்டும். ஆரம் மாறினால் இவையும் மாறும்.

100 மீட்டர் ஓட்டத்தை இந்தப் பாதையில் வைத்தால் அரைச்சுற்று. லேனுக்கு 3.83 மீட்டர் ஸ்டேகர் போட வேண்டும். இடம் இருந்தால் மைதானத்தின் மூலைவிட்டத்தில் தனி நேர்பாதை போடுவது மேல். ஓடி நிற்க 17 மீட்டர் வேண்டும் என்பதை மறந்து சுவர் ஓரத்தில் முடிவுக் கோடு போடுகிறவர்கள் உண்டு. அப்படி இருந்தால் 80 மீட்டராகக் குறைத்துவிடுங்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை.

ரிலேக்கு 4x100 வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. இரண்டு சுற்று முழுக்க லேனில் ஓட வேண்டும், ஆறாவது லேன் 76 மீட்டர் தாண்டிப் போய் நிற்கும், பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். 4x50 வைத்தால் 200 மீட்டர் ஓட்டத்தின் தொடக்கக் கோடே போதும். பேட்டன் மாற்றும் இடங்களை முடிவுக் கோட்டிலிருந்து பின்னோக்கி அளங்கள். கடைசி மாற்று, நேர்பகுதி 40 மீட்டர் போக வளைவில் 10 மீட்டர். அளவு எல்லா லேனுக்கும் ஒன்றே, ஆனால் அந்தந்த லேனிலேயே வளைவின் மேல் அளக்க வேண்டும். இரண்டாம் மாற்று, வளைவில் 60 மீட்டர் பின்னால். முதல் மாற்றை மட்டும் அந்தந்த லேனின் தொடக்கத்திலிருந்து 50 மீட்டர் அளக்கலாம். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் 10 மீட்டர் எல்லைக் கோடு.

தகுதிச் சுற்றுகளை விழா நாளில் வைக்காதீர்கள். 40 பேர், ஆறு லேன் என்றால் ஏழு சுற்று ஆகும். ஏழு பேர் முதலிடம் வருவார்கள், இறுதியில் ஆறு பேருக்குத்தான் இடம். முந்தைய வாரமே ஓடவிட்டு, நேரம் குறித்து முதல் ஆறு பேரை எடுங்கள். மாற்றுத்திறன் மாணவர்களைத் தனியே பலூன் உடைக்க அனுப்பிவிடாமல், விரும்பினால் பெயர் கொடுக்கச் செய்யுங்கள். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய மாரியப்பன் தங்கவேலு சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டிக்காரர்.

தொடங்க விசில் வேண்டாம், கிளாப்பர் (ஒன்றோடொன்று அடித்துச் சத்தம் எழுப்பும் இரண்டு கட்டைகள்) நல்லது. 100 மீட்டர் தள்ளி நிற்கும் நேரம் பார்ப்பவருக்குச் சத்தம் போய்ச் சேர 0.3 வினாடி ஆகும். கட்டை சேர்வதைக் கண்ணால் பார்த்து வாட்சை அழுத்தச் சொல்லுங்கள். முடிவில் பார்க்க வேண்டியது நெஞ்சுப் பகுதி கோட்டைத் தொடுவதை. தலையும் நீட்டிய கையும் கணக்கில் இல்லை. முடிவுக் கோட்டின் நேர்நீட்சியில் நாற்காலி போட்டு, முதல், இரண்டாம், மூன்றாம் இடத்துக்குத் தனித்தனி ஆள் வையுங்கள். அந்த மூவரும் சீட்டு எழுதிக் கொடுக்கும் வரை மைக்கில் பெயர் சொல்லக் கூடாது.