டேங்க் தரையில் பேட்ச் அடிக்கப் போகிறீர்களா?

டீசல் டேங்கைக் காலி செய்து கழுவியாயிற்று, தரையில் நாலைந்து குழி தெரிகிறது, உடனே வெல்டரை உள்ளே அனுப்பாதீர்கள். மேலே தெரியும் குழியை யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம், மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் அடிப்பக்கம் அரித்திருப்பதுதான் கண்ணுக்குத் தெரியாது. முதலில் தரை முழுக்க எம்எஃப்எல் ஸ்கேனரை (தகட்டைக் காந்தமாக்கி, அரித்த இடத்தில் கசியும் காந்தப்புலத்தைப் பிடிக்கும் கருவி) ஓட்டுங்கள். அது காட்டும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அங்கெல்லாம் அல்ட்ராசோனிக் மீட்டர் வைத்து மிச்சத் தடிமனைக் குறித்துக்கொள்ளுங்கள். ஷெல் (டேங்கின் சுற்றுச் சுவர்) ஓரத்தில் ஸ்கேனர் நுழையாது, அங்கே கையால்தான் அளக்க வேண்டும்.

சரி, எவ்வளவு மிச்சம் இருந்தால் போதும்? அடியில் கசிவைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு இல்லாத டேங்க் என்றால், அடுத்த முறை திறக்கும் தேதியிலும் 2.5 மி.மீ. இருக்க வேண்டும் என்கிறது ஏபிஐ 653, அதாவது டேங்க் சோதனைக்கும் பழுதுபார்ப்புக்குமான அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் விதிநூல். இன்று 4 மி.மீ. இருக்கிறது, வருடத்துக்கு 0.2 மி.மீ. போகிறது என்றால் ஏழரை வருடம்தான் கணக்கு. பத்து வருடத்துக்கு மூடப் போகிறீர்கள் என்றால் அந்த இடத்துக்கும் பேட்ச் வேண்டும்.

ஓட்டையே விழுந்திருந்தால் இன்னும் கவனம் தேவை, ஏனென்றால் டீசல் கீழே மண்ணில் ஊறியிருக்கும், மேலே கேஸ் மீட்டர் பூஜ்யம் காட்டினாலும் வெல்டிங் சூட்டில் அது ஆவியாகித் தகட்டுக்கு அடியிலேயே தங்கி, தீப்பிடிக்கலாம். காற்றில் ஓடும் டிரில்லால், தண்ணீர் விட்டுக்கொண்டே, சின்னத் துளை போட்டு அடியில் வாயு இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இருந்தால் அந்தத் தகட்டைச் சூடில்லாமல் அறுத்து, நனைந்த மண்ணை அள்ளிவிட்டு மறுபடி அளங்கள். அவசரப்படுத்துகிற மேனேஜர் எல்லா இடத்திலும் உண்டு, இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது.

பேட்ச் தகட்டின் மூலைகளைக் குறைந்தது 50 மி.மீ. ஆரத்தில் வளைவாக வெட்டுங்கள். கூரான மூலையில்தான் விரிசல் தொடங்கும். ஷெல்லிலிருந்து 75 மி.மீ.க்குள் வருகிற பகுதிக்கு விதிகள் தனி, அதை இன்ஸ்பெக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். பெயின்ட், துரு எல்லாவற்றையும் கிரைண்ட் செய்து, 7018 ரக வெல்டிங் ராடை ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு பயன்படுத்துங்கள். ஒரே இழுப்பில் சுற்றிவிட்டால் தகடு உப்பிக்கொள்ளும், எதிரெதிர்ப் பக்கமாகத் துண்டு துண்டாகப் போடுங்கள்.

அப்புறம் சோப்புத் தண்ணீர் பூசி வாக்குவம் பாக்ஸை (வெல்டின் மேல் கவிழ்த்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சும் கண்ணாடி மூடிப் பெட்டி) வைத்துக் குறைந்தது 21 கிலோபாஸ்கல் வெற்றிடம் வரை காற்றை இழுங்கள். நூல் கோத்த மாதிரி பொடிக் குமிழி வந்தாலும் கசிவுதான், மேலே பூசி மறைக்காமல் கிரைண்ட் செய்து எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

தரை நடுவே பேட்ச் என்றால் பொதுவாக இதோடு முடிந்தது. ஷெல்லும் தரையும் சேரும் வெல்டைப் பெரிதாக மாற்றியிருந்தால் தண்ணீர் நிரப்பிப் பார்ப்பதைத் தட்டிக்கழிக்காதீர்கள். 1988 ஜனவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பழைய டேங்கைப் பிரித்து வேறிடத்தில் நிறுத்தி, முழுசாகத் தண்ணீர் நிரப்பிச் சோதிக்காமலே டீசல் ஏற்றினார்கள். ஷெல்லில் இருந்த பழைய குறையிலிருந்து கிழிந்து, சுமார் 1.4 கோடி லிட்டர் ஒரே நேரத்தில் வெளியே கொட்டியது.

மூடுவதற்கு முன் ஒவ்வொரு பேட்சும் எங்கே இருக்கிறது, அங்கே தடிமன் எவ்வளவு இருந்தது என்று தரை வரைபடத்தில் குறித்து ஃபைலில் வையுங்கள், அடுத்த முறை அரிப்பு வேகத்தைக் கணக்கிட அது இல்லாமல் முடியாது.