மணிக்கு நகம் பிஞ்சப்போ நான் செஞ்சது

எங்க மணி நாட்டு நாய், நாலு வயசு. போன மாசம் கேட் கம்பி வலையில முன்னங்கால் மேல இருக்குற கட்டைவிரல் நகம் மாட்டி இழுத்ததுல பாதி பிஞ்சு தொங்கிடுச்சு, திண்ணை பூரா ரத்தம், எனக்கு கை காலே ஓடல. நகத்துக்குள்ள ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுது, அதான் அவ்ளோ ரத்தம், அவ்ளோ வலி.

வலியில நம்ம நாயே நம்மள கடிச்சிடும், அதனால மொதல்ல பழைய துப்பட்டாவால வாய லூசா கட்டிட்டு, சுத்தமான காட்டன் துணிய வச்சு பத்து நிமிஷம் அழுத்தி புடிச்சேன், நடுவுல எடுத்து எடுத்து பாக்கக்கூடாது, அப்படி பாத்தா உறைஞ்ச ரத்தம் திரும்ப பிச்சுக்கும். அப்பறமும் கசிஞ்சுது, கார்ன்ஃப்ளவர் மாவ நுனியில அமுக்கி வச்சேன், நின்னுடுச்சு.

தொங்குற துண்ட நானே வெட்டலாம்னு கட்டர எடுத்தேன், தொட்டதுமே அது கத்துன கத்துல விட்டுட்டேன். டாக்டர்கிட்ட போனா மரத்துப்போக ஊசி போட்டு ஒரே வெட்டுல எடுத்துட்டு, கட்டு போட்டு ஆன்டிபயாடிக் குடுத்தாரு. தயவுசெஞ்சு நம்ம வலி மாத்திரை, பாராசிட்டமால், ஐப்யூப்ரோஃபன் எதுவும் குடுத்துடாதீங்க, நாய்க்கு அது விஷம்.

நக்காம இருக்க கழுத்துல கூம்பு மாட்டுனோம், பாவம் சுவத்துல எல்லாம் இடிச்சுகிட்டே திரிஞ்சுது. வெளிய போனா சாக்ஸ், வந்ததும் கழட்டிடுவேன், ஈரமா இருந்தா சீழ் புடிக்கும். இப்போ அடியில புது நகம் வெள்ளையா எட்டிப் பாக்குது.

அந்த கட்டைவிரல் நகம் தரையில படாது, தானா தேயாது, அத மட்டும் மறக்காம வெட்டி விடுங்க.